சாமி வந்தால் சத்தத்தை நிறுத்துவார்

அவர் வீட்டு டி.வி. ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தான் மட்டும் எழுத்தெல்லாம் அழிந்து வழவழவென்று இருக்கும். சத்தத்தை நிறுத்துகிற பொத்தான். மற்ற வீடுகளில் சேனல் மாற்றுகிற பொத்தான்தான் முதலில் தேயும். அவர் வீட்டில் அது புதிதாகவே இருந்தது. அவர் சேனல் பார்க்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் பென்டிரைவில் குழந்தைகளுக்கான பொம்மைப் படம் ஏதாவது போடுவார். படத்தில் சாமி வந்து வாயைத் திறந்ததும் சத்தத்தை நிறுத்துவார். சாமி பேச வேண்டியதை அவரே பேசுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பிள்ளைகள் அவரைப் பொம்மை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ராயபுரத்தில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஆறு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. இடையில் இருக்கிற சுவர் கூரைவரைக்கும் போகாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். அவர் மூன்றாவது வீடு, நாங்கள் நான்காவது. அதனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

பனியன் துணியில் படம் அச்சடிக்கிற பட்டறையில் அவருக்கு வேலை. நான் டைலராக இருந்த கம்பெனிக்குப் பின்னால்தான் அந்தப் பட்டறை. நீள மேசையில் துணியை ஒட்டி, சட்டத்தை வைத்து, ஒவ்வொரு நிறமாக இழுத்துக்கொண்டே போவார்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகிற சட்டைகள். கரடி, முயல், கண்ணாடி போட்ட யானை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவர் நகத்தடியில் ஏதாவது ஒரு நிறம் மிச்சமிருக்கும். பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னைக்கு யானைங்களா மாமா?" என்று கேட்கும். சாம்பல் நிறம் என்றால் யானை.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்து பத்து வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. டீ இடைவேளையில் எங்கள் ஆட்களோடு வந்து நின்றால் அவரைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"இந்தப் பொம்மைப் படத்துல சாமிக்கு ரெண்டே வேலைதான் அண்ணாச்சி" என்று ஒருநாள் சொன்னார். "நல்லவனுக்கு லட்டு குடுக்கும். கெட்டவனப் போட்டு அடிக்கும். நம்ம சூப்பர்வைசரே அதவிடக் கொஞ்சம் யோசிச்சுதான் ஏசுதாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார்.

"நம்ம ஊருப் படம்னா சாமி குண்டுக் கொழந்தையா வரும். வெள்ளைக்காரன் படத்துல வெறும் வெளிச்சந்தான். எக்ஸ்போர்ட் ஆர்டர்ல இத்தன படம் அடிச்சாச்சு, சாமி படம் ஒண்ணுகூட வந்ததில்ல. வெளிச்சத்த எப்படிப் பிரிண்டு போடுதது?"

நான் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டேன். எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவன். ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தே முப்பது வருஷம் போயிருக்கிறது. அந்த மிஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை, எனக்கு அது வசதி. பேச வேண்டி வந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி 'ங்க' போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். தெரு நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று நான் சொல்வதாகக் கம்பெனியில் கிண்டல் உண்டு.

ஆனால் அவர் என்னை விடமாட்டார். கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு என் மிஷின் பக்கம் வந்து நிற்பார்.

"அண்ணாச்சி, ஒரு ஆளு உங்க கால மிதிச்சுட்டான்னு வைங்க. என்ன சொல்லுவீய?"

"இருக்கட்டுங்க, பாத்துக்கலாமுங்கன்னு சொல்லுவனுங்க."

"இன்னொருக்க சொல்லுங்க."

சொல்வேன். அவர் உதட்டுக்குள் அதை முனகிக்கொண்டே போவார். மற்றவர்களைச் சிரிக்க வைக்க என்னிடம் சரக்கு எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். கோபம் வரும், காட்ட மாட்டேன்.

என் மனைவி அதே கம்பெனியில் செக்கிங். அவளும் அவர் கட்சிதான். "அந்தண்ணன் வந்து நின்னா பொழுது போறதே தெரியறதில்லீங்க. நீங்களும் இருக்கறீங்களே, தொண்டையைச் செருமறதுக்கே அரை நாளு வேணும்" என்பாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மகளை அவர் எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு அப்போது ஆறு வயது. பெயரை ஸ்கூலில்தான் கூப்பிட்டார்கள். எங்களுக்கு அவள் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சோற்றை அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு ஓடுவாள். வாரத்தில் எனக்கு விடிந்த பிறகும் வீட்டில் இருக்கக் கிடைக்கிற ஒரே நாள் அது. அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சனிக்கிழமையே நினைத்து வைத்திருப்பேன். உட்கார்ந்து என்ன பேசுவது என்றுதான் தெரியாது. அவள் ஓடிப் போனபின் பாயில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுவருக்கு மேலாகச் சிரிப்பு வரும். எட்டுப் பிள்ளைகள் சிரித்தாலும் என் பிள்ளையின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்கும்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துண்டெல்லாம் கிடைக்கிறவரை அந்தத் துணியை வெளியே விடமாட்டார்கள். துண்டு உள்ளேயே நின்றுவிட்டால் போட்டுக்கொள்கிற குழந்தையைக் குத்திவிடும். எனக்குள் அப்படி ஒரு துண்டு நின்றுபோனதை யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை.

ஒருநாள் அவளைக் கூப்பிடுகிற சாக்கில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வெளிநாட்டுப் பொம்மைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முயல் குட்டி அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய் மழையில் மாட்டிக்கொள்கிறது. வானத்தைப் பார்த்து அழுகிறது. மேகம் விலகி வெளிச்சம் விழுந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் இங்கிலீஷில் முழங்கத் தொடங்கியது. அவர் பொத்தானை அழுத்தினார். தொண்டையை இரண்டு தடவை செருமினார். அது ஒரு அலட்டல் மாதிரி எனக்குப் பட்டது.

"ஏனுங்க மொசக்குட்டி" என்றார் வெளிச்சத்துக்காக. "நல்லா நனஞ்சு போட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

பிள்ளைகள் உருண்டு சிரித்தன.

"சாமி, மொசலு பொய் சொல்லிச்சுங்க! அடிங்க!" என்று ஒரு பிள்ளை கத்தியது.

"அடிக்கறதுங்களா? அதைய அப்பறமேலு பாத்துக்கலாமுங்க. மொதல்ல துண்டு எடுத்துத் தலையைத் தொவுட்டிக்கச் சொல்லுங்க. சளி புடிச்சுக்கப் போகுதுங்க."

அவர் ஊர்ப் பேச்சு துளிகூட அதில் இல்லை. சுத்தமான எங்கள் பக்கத்துப் பேச்சு. அதுவும் எனக்கு எரிந்தது. எங்கள் பேச்சைக் கொண்டுபோய்ச் சாமி வாயில் வைக்க இவர் யார்?

கண்ணு திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்ற பிள்ளைகளும் என்னைப் பார்த்துச் சிரித்தன. கூப்பிட வந்தவன் கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.

அடுத்து நடந்ததுதான் வேல் விஷயம்.

எங்கள் வீட்டு அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளை வேல் இருக்கும். என் அப்பா வைத்திருந்தது. ஒருநாள் காலை கண்ணு பாலைக் குடித்துவிட்டேன் என்று டம்ளரைக் காட்டினாள். வாசல் சாக்கடையில் பால் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பா என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன்.

"பொய் சொன்னாச் சாமி கண்ணக் குத்திருமுங்க."

அவ்வளவுதான். மறுநாள் வேலைக் காணோம்.

நாலு நாள் தேடினேன். அவளைக் கேட்டால் தெரியாது என்றாள். கொஞ்சம் மிரட்டியும் பார்த்தேன். தெரியாது என்றே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டில் நம் ஊர்ப் படம். குண்டுக் குழந்தையாக முருகன் வருவார், அசுரனைக் குத்துவார், நடுநடுவே "பாலகா! உன் பிழையை யாம் அறிவோம்!" என்று அதட்டுவார். அந்த அதட்டல் பாதியில் நின்றது. செருமல் கேட்டது.

அவர் வாய் திறப்பதற்குள் என் மகளின் குரல் வந்தது. "சாமி, நீங்க என்னையக் குத்துவீங்களா?"

"உங்களைய எதுக்குங்க நான் குத்தறேன்?"

"பொய் சொன்னாச் சாமி கண்ணக் குத்தும்னு எங்கப்பா சொன்னாரு. கண்ணுன்னா நானுதானுங்களே?"

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.

மறுபடியும் ஒரு செருமல் கேட்டது. "அதுக்கோசரம் என்ன பண்ணிப்போட்டீங்க கண்ணு?" என்றது அந்தக் குரல், மெதுவாக.

"வேலை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டனுங்க. கதவுக்குப் பொறகால, பனியன் வேஸ்ட் மூட்டைக்குள்ள."

"அட, அங்கதான் இருக்குதுங்களா? நாலு நாளா என்ற பேச்சை மயிலு கேக்கறதே இல்லீங்க. அந்த வேலுங்கறது மயிலை ஓட்டறதுக்கு வெச்சிருக்கற குச்சிங்க. குத்தறதுக்கு இல்லீங்க. இருக்கட்டுங்க, உங்களுக்கு எப்பக் குடுக்கத் தோணுதோ அப்பக் குடுங்க."

மறுநாள் விடிவதற்குள் வேல் அலமாரியில் இருந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பெற்றவன் நான், பயந்தது என் பிள்ளை. நான் சொன்ன சொல்லுக்குத்தான் பயந்திருக்கிறாள். அதை வந்து சொல்ல அவளுக்குக் கிடைத்த இடம் சுவருக்கு அந்தப் பக்கம். என்னை முருகன் படத்து அதட்டலாக ஆக்கிவிட்டு, நல்ல சாமியாக அவர் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கார அம்மாவைப் பார்க்கப் போனேன். முன்வீட்டில் இருப்பார். சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிறவர்.

"ஆத்தா, ஒரு சங்கதிங்க. மூணாவது ஊட்டுக்காரர் கொழந்தைகளுக்குப் படம் போடறாருங்க. அதுல சாமி பேசறதை நிறுத்திப்போட்டு அவரே சாமியாட்டப் பேசறாருங்க. முருகன் வேலு மயிலு ஓட்டற குச்சின்னு சொல்லிக் குடுக்கறாருங்க. கொழந்தைங்க சாமியக் கண்டாச் சிரிக்குதுங்க. கேலியாப் போச்சுங்க. நான் சொன்னன்னு சொல்லிப்போடாதீங்க."

இன்னொருவரைப் பற்றி நான் அவ்வளவு நீளமாகப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. எங்கும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் குடத்தோடு நிற்கிற நேரத்தில் அந்த அம்மா தண்ணிக் குழாயடிக்கு வந்தார்.

"ஏனப்பா, சாமிகிட்டயா உன்ற வெளையாட்டு? முருகன் கையில இருக்கறது மயிலு ஓட்டற குச்சியா?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "கேலி இல்லம்மா. அந்தப் படத்துல சாமி பேசுதது கோர்ட்ல தீர்ப்புச் சொல்லுத மாதிரி இருக்கு. பிள்ளைய நடுங்குதுவ. எங்க ஊருச் சாமியும் அருவாளோட நிக்கும், வெடுக்குன்னுதான் பேசும். அதான் சாமிக்கு நல்ல குரலா ஒண்ணு தேடுனேன். இங்க ஒண்ணு கெடச்சுது. அத வச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிட்டது, அதைத்தான் சிரிப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

"குரலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். படம் போடறதுன்னா போடு. சாமியச் சாமியாவே பேச உடு" என்றார் அந்த அம்மா. அவர் சரி என்று சொன்னது உள்ளே கேட்டது.

அதற்குப் பிறகும் படம் போட்டார். பொத்தானைத் தொடவில்லை. "பாலகா!" என்ற முழக்கம் ஆறு வீட்டிலும் கேட்டது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்தின. கண்ணு இரண்டாவது வாரமே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். இதற்காகத்தானே எல்லாம் செய்தேன். தொண்டையைச் செருமினேன். அவள் ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள். "சாப்புட்டீங்களா கண்ணு?" என்றேன். "நீங்கதானப்பா சோறு போட்டீங்க" என்றாள்.

மூன்று மாதத்தில் அவருடைய பட்டறை பெருமாநல்லூருக்கு மாறியது. அந்தப் பட்டறை ஆட்கள் பலர் இங்கிருந்தே பஸ்ஸில் போய் வந்தார்கள். அவர் மட்டும் வீட்டையும் காலி செய்துகொண்டு போனார். போகும்போது கண்ணுவுக்கு ஒரு சட்டை கொடுத்தார். கண்ணாடி போட்ட யானை. நிறம் கொஞ்சம் விலகிப் போனதால் ஒதுக்கப்பட்ட சட்டை. எனக்குக் கை கொடுத்தார். "வாரேன் அண்ணாச்சி. உங்க பேச்ச மறக்க மாட்டேன்" என்றார். குத்திக் காட்டுகிறார் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. கண்ணுவுக்குப் பதினொன்று. இப்போது எங்கள் வீட்டிலேயே டி.வி. இருக்கிறது.

போன வாரம் லீவு. சேனல் மாற்றிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். அதே குண்டுக் குழந்தை, அதே மயில். "பாலகா!" என்று தொடங்கியதும் சிரித்துக்கொண்டே சத்தத்தை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"பேசுங்கப்பா."

"நானுங்களா?"

"பின்ன? உங்க குரலுதானுங்களே? மாமா உங்களை மாதிரியேதான பேசுவாரு. தொண்டையச் செருமறது, 'இருக்கட்டுங்க, பாத்துக்கலாமுங்க' எல்லாம்?"

எனக்கு விளங்கவில்லை. சமையல்கட்டிலிருந்து என் மனைவி, "அது லைனுக்கே தெரியுமே. உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க ஒருநா வாசல்ல போயி நின்னப்போ, சாமியே கூப்பிட வந்துருச்சுன்னு கொழந்தைங்கல்லாம் சிரிச்சுதுங்களாம்" என்றாள்.

மிஷின் பக்கத்தில் கிளாஸோடு நின்று இன்னொருக்கச் சொல்லச் சொன்னது, குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தது, போகும்போது சொல்லிவிட்டுப் போனது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. டி.வி.யில் சாமி சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

"சாமி" என்றாள் கண்ணு, பழைய விளையாட்டுக் குரலில். "பொம்மை மாமா எதுக்குங்க எங்களை உட்டுட்டுப் போனாரு?"

இரண்டு தடவை செருமினேன்.

"ஏனுங்க கண்ணு" என்றேன். "அவரு தானாப் போகலீங்க. நான்தானுங்க அனுப்பிப்போட்டேன். அவரு மேல பொறாமைங்க எனக்கு."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் சிரிப்பு வருவதும் நிற்பதுமாக இருந்தது. பிறகு என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சாமிக்குப் போயி யாரு மேலயாச்சும் பொறாமை வருமுங்களாப்பா? குரலு அப்படியேதான் இருக்குது. ஆனா மாமா பேசறாப்புல வர்லீங்க."

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வைத்தாள்.